மூன்றாவது கடிதம்

ஷாஜாதி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற ஊற்ற, அத்தா ஜாபர் அலி கைகளைத் தேய்த்தார். தொழுகைக்கு முந்திய ஒளு. வீட்டுக்குள் அம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் துணியில் சுற்றியாகிவிட்டது. பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த சந்தூக்குப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் காத்து நின்றார்கள்.

அத்தாவின் விரலில் மை போகவில்லை.

காலையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, டாக்டரைக் கூட்டிவர இங்கிலீஷில் கடிதம் வேண்டியிருந்தது. தமிழில் எழுதினால் கம்பவுண்டரே குப்பையில் போட்டுவிடுவார். அத்தா ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார். பக்கத்து வீட்டுப் பூவனலிங்கம் பெடலில் ஒரு காலை வைத்தபடி சைக்கிளோடு நின்றார்.

முதலில் 'இஃப் யூ கேம்' என்று எழுதினார். அதில் பணிவு கூடுதல். ஆனால் நீங்கள் எங்கே வரப்போகிறீர்கள் என்று எழுதுகிறவனே முடிவுகட்டிய மாதிரி ஆகிவிடும். அவள் பிழைப்பாள் என்பதற்கும் உறுதியான 'வில்' போய், சந்தேகத்தில் தொங்கும் 'வுட்' வந்துவிடும். கிழித்தார். அடுத்து 'இஃப் யூ கம், ஷி வில் லிவ்'. நடக்கக்கூடியதைச் சொல்லும் சரியான வாக்கியம். பெரிய மனுஷருக்குக் கட்டளை போட்டதுபோல் இருக்குமோ? அதையும் கிழித்தார்.

உள்ளே முனகல் கூடியது.

"தப்பா இருந்தாத்தான் என்னத்தா? குடுத்து விடுங்க" என்றாள் ஷாஜாதி.

"தப்பா எழுதுனா மதிக்க மாட்டாவ" என்றார், நிமிராமல்.

மூன்றாவது 'இஃப் யூ வுட் கைண்ட்லி கம்'. 'இஃப்' பக்கத்தில் 'வுட்' வரக்கூடாது என்று பிள்ளைகளை அடிப்பவர் அவர். கெஞ்சும் இடத்தில் மட்டும் வரலாம். அதை உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

பூவனலிங்கம் உறை பிரியாமலே கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். டாக்டரின் கார் கயத்தாறு ரோட்டில் திரும்பியதைக் கண்ணால் பார்த்தாராம், கத்தியும் நிற்கவில்லையாம். "சித்த முந்திப் போயிருந்தா சார்..." என்றவர், ஷாஜாதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நடுப்பகல் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

"அந்த டாக்டரு வந்திருந்தா பொழச்சிருப்பா" என்றார் அத்தா, விரலைத் தேய்த்தபடி.

ஷாஜாதி செம்பை நிமிர்த்தினாள்.

"இதையும் இங்கிலீஷ்ல சொல்லுங்க. எந்த டென்ஸ் போடணும்?"

அத்தா மை படிந்த விரலை இன்னும் அழுத்தித் தேய்த்தார். பதில் அவருக்குத் தெரியும்: இனி நடக்கவே முடியாததைச் சொல்லும் டென்ஸ்.

வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் மறுபடி கையை நீட்டினார்.

செம்பில் பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது. அவள் ஊற்றவில்லை.