சிரிக்காத ரத்தினபாய்

கோவிலம்பாக்கத்தில் மாடிக்குக் காங்கிரீட் போடும் நாளென்றால் சித்தாள்களுக்கு அது பாதி வேலை, பாதி திருவிழா. கலவை மெஷினிலிருந்து சாரம் வழியாக மேல்தளம் வரைக்கும் வரிசையாக நிற்பார்கள். சட்டி கைமாறிக் கைமாறி ஏறும். கூடவே பேச்சும் ஏறும். கீழே நிற்கும் காமு ஏதாவது கேலி சொன்னால் சிரிப்பு ஒவ்வொரு வாயாகத் தொற்றிக்கொண்டு மேலே போகும். ரத்தினபாயிடம் வந்ததும் அங்கேயே நின்றுவிடும்.

அவள் சிரிக்க மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சட்டியை வாங்கி அடுத்த கையில் கொடுப்பாள். சிடுமூஞ்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். சர்ச்சுக்குப் போகிறவள், நம்ம பேச்செல்லாம் அவளுக்கு ஆகாது என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

விஷயம் வேறு. சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். வந்தால் லேசில் நிற்காது. விடியற்காலையில் அது அவளைப் படுக்கவிடாமல் உட்கார வைத்துவிடும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம். சிமெண்டு மூட்டையைப் பிரித்தால் வரும், மார்கழிப் பனியில் வரும். மத்தியானமானால் ஒன்றுமே இல்லாதவள் மாதிரி இருப்பாள். இது டிபிதான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். வெளியே தெரிந்தால் வரிசையில் யார் பக்கத்தில் நிற்பார்கள்? அவள் கொடுக்கும் சட்டியை யார் வாங்குவார்கள்? அந்தப் பயத்தில் டாக்டரிடமும் போகவில்லை, புருஷன் ஏசுதாசனிடமும் சொல்லவில்லை. வெறும் சளி என்று சொல்லி, மிளகுக் கஷாயம் குடித்தே காலத்தை ஓட்டினாள்.

அன்றைக்கு மேஸ்திரி தேவானந்தம் பலகை மேல் ரசமட்டத்தை வைத்து வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். காமு ஆரம்பித்தாள்.

"மேஸ்திரி வூட்ல இன்னும் இட்லி வேவலையாம்க்கா. தட்டு மேல ரசமட்டத்த வெச்சு, நேரா கீதான்னு பாத்துகினே கீறாராம்."

ரத்தினபாய் பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு பீறிட்டது, பின்னாலேயே இருமலும். கைச்சட்டி நழுவி, கலவை சாரமெல்லாம் சிந்தியது. மூச்சை இழுத்தால் விட முடியவில்லை. காமு ஓடி வந்து அவளைத் தூசி இல்லாத பக்கம் கூட்டிப்போய் நிமிர்த்தி உட்கார வைத்தாள். முதுகில் வைத்த கையில் அந்தச் சத்தம் அதிர்ந்தது.

"இன்னாக்கா இது, உள்ள விசில் அடிக்குது?"

"டிபிதான்டி. தள்ளிப் போ."

"டாக்டர் சொன்னாங்களா, நீயே சொல்லிகினியா?"

ரத்தினபாய் கையால் அவளைத் தள்ளினாள். காமு தள்ளிப் போகவில்லை. அப்படியே ஆட்டோவில் ஏற்றித் தாம்பரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் சத்யபிரியா முதலில் மூச்சுக்கு மருந்து கொடுத்தார். அப்புறம் எப்போது வரும், எதனால் வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சளியைச் சோதிக்க அனுப்பினார், நெஞ்சைப் படம் எடுத்தார். மறுபடி போனபோது டிபி இல்லை என்றார். மூச்சின் வேகத்தை முள்ளால் காட்டும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மருந்தை உறிஞ்சவைத்துத் திரும்ப ஊதச் சொன்னபோது முள் மேலே ஏறியது. ஆஸ்துமா என்றார்.

ரத்தினபாய் நம்பவில்லை. அது மூச்சுவாங்கிக்கொண்டே கிடப்பவர்களுக்கு வருவதாயிற்றே. சிலருக்கு அது வெறும் இருமலாகத்தான் தலைகாட்டும் என்றார் டாக்டர். விடிகாலை, பனி, தூசி, சிரிப்பு என்று காரணம் பார்த்து வருவதும், நடுவில் காணாமல் போவதும், நெஞ்சில் விசில் கேட்பதும்தான் அதன் அடையாளம்.

"தொத்துமா டாக்டர்?"

"தொத்தாதும்மா. நீங்க யார் பக்கத்துலயும் நிக்கலாம்."

ரத்தினபாய் எழுந்து போய், வெளியே நின்ற காமுவை உள்ளே இழுத்து வந்தாள். அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

உறிஞ்சும் மருந்து இரண்டு கிடைத்தது. ஒன்று, நன்றாக இருந்தாலும் தினமும் விடாமல் எடுப்பது. இன்னொன்று மூச்சு பிடிக்கும்போது. அதற்கும் அடங்காமல், பேசக்கூட மூச்சு போதாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

காமு எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அடுத்த மாடி போடும்போது மூட்டை பிரிக்கும் வேலையை மேஸ்திரி வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். ரத்தினபாய் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவில் நின்றாள். காமு கீழிருந்து ஒரு கதையை எடுத்துவிட்டாள். எல்லோரும் ரத்தினபாயையே பார்த்தார்கள். அவள் துணியை இறக்கினாள்.

"நீ சொல்றதுல பாதிக்கு எனக்கு மெய்யாலுமே சிரிப்பு வர்லடி காமு. பாவம், பழியெல்லாம் இருமல் மேல போச்சு."

வரிசை உடைந்தது. சிரிப்பு அவளிடமிருந்து கிளம்பி, மேலேயும் போனது, கீழேயும் போனது. காமு சாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலவை காய்கிறது என்று மேஸ்திரி மேலேயிருந்து போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. ரத்தினபாய் தலையை அண்ணாந்து நெஞ்சு நிறையச் சிரித்தாள். இருமல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.