கையுறைக்கு அனுமதி இல்லை

ஃபிலிப் கையுறையைக் கழற்றி மேசைமேல் விட்டெறிந்தான். என் மனைவி ரமாமணி எனக்காக ஆற்றி வைத்திருந்த டீ கவிழ்ந்து நோட்டுப் புத்தகமெல்லாம் நனைந்தது. "பாத்திரம் கழுவத்தான் ஆகும் இது, மிஸ்யே விஸ்வம். உங்க மாதாமுக்குக் குடுங்க," என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாடிக்கையாளர் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பது எனக்குப் பழகிப்போன கெட்ட குணம். அவன் பேசியது கிரியோலில், இந்தத் தீவின் பிரெஞ்சு கலந்த பேச்சுமொழியில். இங்கே எல்லோருக்கும் வாயில் வருவது அதுதான். என் வசதிக்கு அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

இது தொண்ணூற்றொன்றாம் வருடம், பிளேன் மாக்னியன் என்ற ஊரில். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் இறங்கும்போது கடையின் தகரக் கூரை அதிரும், ஒரு நிமிடம் யார் பேசுவதும் கேட்காது. திருப்பூரிலிருந்து தையல் மெஷின் மெக்கானிக்காக வந்து ஆறு வருடமாகியிருந்தது. பகலில் ஏற்றுமதி பனியன் ஃபேக்டரியில் வேலை, சனி ஞாயிறில் நான்கு டிவி வைத்த இந்த வீடியோ கேம் கடை. மற்ற நாட்களில் ரமாமணி பார்த்துக்கொள்வாள். வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஃபிலிப் ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிறவன், கேத்தான் ஹோட்டலில் பரிமாறுகிறவன். நாளெல்லாம் 'வுய் மிஸ்யே', அதாவது 'சரிங்க ஐயா', சொல்லிவிட்டு, இங்கே வந்து திரையில் கார் ஓட்டி மலையிலிருந்து விழுவார்கள்.

விமானத்தில் வேலை பார்க்கும் தெசிரே சிங்கப்பூரிலிருந்து அந்தக் கையுறையைக் கொண்டுவந்து தந்தான். சாம்பல் நிறம், முழங்கைக்குப் பாதி தூரம் வரும், மணிக்கட்டின்மேல் பொத்தான்கள். டிவியைச் சுற்றி ஒரு சட்டத்தை மாட்டிவிட்டால் கை எங்கே போகிறது என்று அது கண்டுபிடிக்கும். மணிக்கட்டைச் சாய்த்தால் கார் திரும்ப வேண்டும், ஆள்காட்டி விரலை மடக்கினால் வேகம் பிடிக்க வேண்டும். வழக்கமாக விளையாடுவது மனெட்டில், அதாவது இரண்டு கட்டைவிரலாலும் பொத்தான் அழுத்துகிற சின்னப் பெட்டியில். இனிமேல் மனெட்டைக் குப்பையில் போடலாம் என்று தெசிரே அளந்தான். நானும் நம்பி வாசலில் பலகை எழுதி மாட்டினேன். முதல் சனிக்கிழமை கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கேத்தான் வளைவில் கையை வீசி, பக்கத்தில் நின்றவன் மூக்கில் குத்தினான். இன்னொருவன் எட்டி எட்டி டிவியைத் தொட்டேவிட்டான், கார் பள்ளத்தில் கிடந்தது. பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தோள் வலித்தது. இடது பக்கம் போகச் சொன்னால் இது யோசிக்கிறது என்று ஒருவன் கத்தினான். இதில் பிசாசு இருக்கிறது, பாதிரியாரைக் கூப்பிடுங்கள் என்றான் மற்றவன். மூன்றாவது வாரம் அதைத் தொட ஆளில்லை.

"கை வலிக்க வலிக்க எவனுங்க வெளையாடுவான்?" என்றாள் ரமாமணி. "அதுக்குத்தான் ஃபேக்டரி இருக்குதே."

லிலியான் அதைக் கேட்டு வாங்கியது அதற்கப்புறம்தான். இருபத்துமூன்று வயது, எங்கள் ஃபேக்டரியில் ஓவர்லாக்கில், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷினில், தைத்துக்கொண்டிருந்தவள். தாத்தாவின் பெயர் பொன்னுசாமி, வீட்டில் மாதா படம். கடைக்கு வந்து விளையாடிய ஒரே பெண் அவள்தான், மனெட்டில் ஃபிலிப்பையே தோற்கடித்திருக்கிறாள். அதெல்லாம் ஆகஸ்டுக்கு முன்னால்.

ஆகஸ்டில் நடந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓவர்லாக் மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பி இருக்கும், விரல் உள்ளே போகாமல் தடுக்க. அது இருந்தால் பனியனின் கைக்குழி வளைவில் துணியைத் திருப்பக் கொஞ்சம் தாமதமாகும். ஓர் ஆர்டர் கப்பலைத் தவறவிடும் நிலையில் இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, லிலியான் உட்காரும் ஏழாவது வரிசையின் கம்பிகளைக் கழற்றச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் திருப்புளியோடு போய் இருபத்திரண்டையும் கழற்றினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் வொர்க் பெர்மிட் அவர் கையில் இருந்தது, அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நான்காம் நாள் லிலியானின் வலது கட்டைவிரலில் ஊசி இறங்கியது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி திரும்பி வருவதற்குள் கம்பிகளை எல்லாம் மறுபடி மாட்டிவிட்டேன். அதையும் மேனேஜர்தான் சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது, தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். விரல் ஆறிவிட்டது, மடங்கவில்லை. அவளை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ரமாமணிக்கும் சொல்லவில்லை.

மனெட்டில் அவளால் இனி முடியாது. இரண்டு மாதம் சும்மா வந்து, சுவரில் சாய்ந்து நின்று, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு அவள் பக்கம் திரும்பவே கூசும். ஒரு சனிக்கிழமை மேசைக்கு வந்து, "அதைக் குடுங்க," என்றாள். "அது சரியா வேலை செய்யாது லிலியான்," என்றேன். "நானுந்தான் சரியா வேலை செய்யறதில்லன்னு எழுதி வெச்சிருக்காங்க. குடுங்க."

மற்றவர்கள் எல்லோரும் நின்றுகொண்டு ஆடினார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், முழங்கையை மேசையில் ஊன்றினாள். முதலில் நாலு தடவை பள்ளத்தில் விழுந்தாள். ஐந்தாவது தடவை கார் வளைவைத் தாண்டியது. கையை அவள் வீசவே இல்லை, மணிக்கட்டு மட்டும் ஒரு விரற்கடை சாய்ந்தது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. ஓவர்லாக்கில் புதிதாக உட்காரும் பெண்கள் துணியைத் தள்ளுவார்கள், இழுப்பார்கள், தையல் கோணிக்கொள்ளும். தேறியவள் கையைத் துணிமேல் வைத்திருப்பாள், அவ்வளவுதான். துணியை இழுத்துக்கொண்டு போவது மெஷினின் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு கைக்குழி தைத்தவளுக்கு மலைப்பாதை வளைவு எம்மாத்திரம்!

நவம்பர் கடைசியில் அவளுடைய நேரம் ஃபிலிப்பின் நேரத்தைவிட ஒன்பது நொடி குறைவு. சிரிப்பு நின்றுவிட்டது. டிசம்பரில் தலைநகர் போர் லூயியில் தீவு முழுவதற்குமான போட்டி என்று விளம்பரம் வந்தது. ஒரு கடைக்கு ஒருவர் போகலாம். எங்கள் கடைப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்தேன், முதல் ஆளாக லிலியான் பெயர் கொடுத்தாள். அவள் பெயர் கொடுத்த அன்று சாயந்தரமே ஃபிலிப்பும் கேத்தானும் இன்னும் ஆறு பேரும் வந்து நின்றார்கள்.

"சா பா கோரெக், மிஸ்யே," என்றான் ஃபிலிப். நியாயமில்லையாம். "எல்லாருக்கும் மனெட், அவளுக்கு மட்டும் மெஷினா? அதுவே ஓட்டுது, அவ உக்காந்திருக்கா."

பாத்திரம் கழுவத்தான் ஆகும் என்று சொன்ன அதே வாய். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து ஊரான ரோஸ் பெல்லில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், அங்கே போய்விடுவோம் என்றான் கேத்தான். எட்டுப் பேர் போனால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். காகிதம் எடுத்து, 'போட்டியில் மனெட் மட்டும். கையுறைக்கு அனுமதி இல்லை' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். ரமாமணி அதைப் படித்தாள். ராத்திரி சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்திருந்தது. ஏழாவது வரிசையிலிருந்து சிமோனும் இன்னும் இரண்டு பெண்களும்கூட வந்திருந்தார்கள். லிலியான் சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தாள், வெள்ளைப் பூப்போட்ட உடுப்பு. சுவரில் இருந்ததைப் படித்தாள். அப்புறம் மேசைக்குப் பின்னால் வந்து, அலமாரியிலிருந்து கையுறையைத் தானே எடுத்து, முதல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள்.

"லிலியான், எழுந்திரு," என்றேன்.

"மோ பா பு லேவே."

எழுந்திருக்க மாட்டாளாம். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஃபிலிப் முன்னால் வந்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உதவாதுன்னு தூக்கிப் போட்டப்ப நான் எடுத்துக்கலாம். நல்லா ஓடினா நியாயமில்ல. அப்படித்தானே? அதுவே ஓட்டுதுன்னா நீ போட்டு ஓட்டேன்!" என்று கையுறைக் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரூல் போட்டாச்சு, லிலியான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"கம்பியக் கழட்டினதும் நீங்கதானே?"

அப்போது பார்த்து ஒரு விமானம் இறங்கியது. கூரை அதிர்ந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"அன்னிக்கு நான் சாப்பிடப் போகல, மிஸ்யே விஸ்வம். துணி பேல் மூட்டைக்குப் பின்னாடி படுத்திருந்தேன். நீங்க திருப்புளியோட ஒவ்வொரு மெஷினாப் போனதைப் பாத்தேன். மெக்கானிக் எடுத்தா காரணம் இருக்கும்னு நெனச்சேன். நான் ஆஸ்பத்திரில இருக்கறப்போ திரும்ப மாட்டிட்டீங்களாம், சிமோன் சொன்னா. கவனக்குறைவுன்னு எழுதி நீட்டினாங்க. நான் கையெழுத்துப் போடல. இன்னிக்கு வரைக்கும் போடல." கையுறையின் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கினாள். "ஒரு தடவை என்னைக் கேக்காம எடுத்தீங்க. இதையும் எடுக்கணும்னா வந்து எடுங்க. நான் எழுந்திருக்க மாட்டேன்."

நான் ரமாமணியைப் பார்த்தேன். ஆறு வருடத்தில் அவளுக்குக் கிரியோல் என்னைவிட நன்றாகவே வரும். அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க," என்றாள் தமிழில். "அந்தப் புள்ள கேக்குதில்லீங்க? நெசமா?"

மேனேஜர் சொன்னார், பெர்மிட் அவர் கையில் இருந்தது, உன்னையும் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்பியிருப்பார் என்றெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் லிலியானின் கேள்விக்கு அதில் எதுவும் பதில் இல்லை.

"நான்தான் கழட்டினேன்," என்றேன் கிரியோலில்.

ஏழாவது வரிசை சிமோன் கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "சத்தமாச் சொல்லுங்க, மிஸ்யே. இங்க மெஷின் ஓடல."

"நான்தான் கழட்டினேன். இருபத்திரண்டையும். நான்தான் திரும்ப மாட்டினேன்."

இது நாளைக் காலை ஏழு மணிக்குள் மேனேஜர் காதுக்குப் போய்விடும், தெரியும். சுவரிலிருந்த காகிதத்தைக் கிழிக்கப் போனேன். அதில் நான் தடவியிருந்த பசை நல்ல பசை, கிழிக்கக் கிழிக்கத் துண்டு துண்டாகத்தான் வந்தது. 'அனுமதி' என்ற சொல்லை நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. ரோஸ் பெல்லுக்குப் போகிறவர்கள் போகலாம் என்றேன். கேத்தானும் இன்னும் இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டு வாசல்வரை போனார்கள். ஃபிலிப் கைகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். லிலியான் எனக்கு நன்றி சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

"போடுங்க," என்றாள்.

பொத்தானை அழுத்தினேன். திரையில் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது, கார் கிளம்பியது. முதல் நேர்ப்பாதை முடிந்தது. பள்ளத்தை ஒட்டிய அந்தப் பெரிய வளைவு வந்தது. அவள் மணிக்கட்டு மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சிமோன் சாய்ந்தாள், ரமாமணி சாய்ந்தாள், வாசலில் நின்று எட்டிப் பார்த்த கேத்தான் சாய்ந்தான். கைகட்டி நின்ற ஃபிலிப்பும், தனக்குத் தெரியாமலே, முழு உடம்போடு இடது பக்கம் சாய்ந்தான்.