விஸ்வலிங்கத்தின் மூக்களவில் ஒரு முகமூடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேக்கா சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். செல்ஃபி எடுக்கிறார் என்று நினைத்தேன். அப்போது கைப்பேசி ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னது: சிரிக்காதீர்கள், முகத்தை இயல்பாக வைத்திருங்கள். அவர் சிரிக்கவே இல்லை. பாவம், முகமே அப்படித்தான்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு ஒரு கருவி உண்டு. குழாய் வழியாகக் காற்றை அனுப்பும். அதற்கு மூக்கில் ஒரு முகமூடி மாட்ட வேண்டும். எந்த அளவு என்பதை இப்போது கைப்பேசிச் செயலியே முகத்தை அளந்து சொல்லிவிடுகிறது. எனக்குத் தெரிந்த மருத்துவம் இவ்வளவுதான்.

2

தொடக்கம் ஒன்று: "ஆங் மோ கியோவில் ஒன்பதாம் மாடியிலிருந்து விஸ்வலிங்கம் விட்ட குறட்டையில் மின்தூக்கி ஒரு கணம்..."

(அடித்துவிட்டேன். மின்தூக்கியையெல்லாம் இழுத்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

தொடக்கம் இரண்டு: "ஓய்வுபெற்ற கிளார்க் விஸ்வலிங்கம் குறட்டை விடுவதில்லை."

இது பரவாயில்லை. குறட்டை விடுவது அவர் மனைவி குணமணி. ஆனால் முப்பது வருடமாகப் பழி அவர் தலையில். உறவினர் வீட்டில் தங்கினால் காலையில் அவரே முந்திக்கொண்டு, "என்னால யாரும் தூங்கியிருக்க மாட்டீங்களே" என்பார். குணமணியும் கூசாமல், "இவரோட பெரிய தொல்லை லா" என்பாள்.*

* இவ்வளவு நல்ல கணவரை யார் நம்புவார்கள்? அவருக்கு ஒரு கெட்ட குணம் தேவை. சரி, குளியலறை விளக்கை அணைக்கவே மாட்டார்.

3

மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். குணமணிக்கு ஒரு மணி நேரத்தில் முப்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது என்றார் டாக்டர். முகத்தை அளக்கும் செயலியின் இணைப்பு அவள் கைப்பேசிக்கு வந்தது. குணமணி அதைத் திறந்து, கணவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என் முகத்தை ஏன் அளக்குற?"

"ஊருக்கெல்லாம் நீங்கதானே குறட்டை விடுறீங்க. மாஸ்க்கும் உங்க சைஸ்லயே வரட்டும்."

"மூச்சு நிக்கிறது உனக்கு."

"குழாயோட படுத்தா நான் பிள்ளையார் மாதிரி இருப்பேன். பொம்பளை குறட்டை விடுறான்னு பேர் வேற. மூக்கு எல்லாம் ஒண்ணுதான், நேரா பாருங்க."

ஒன்றல்ல. விஸ்வலிங்கத்தின் மூக்கு குடும்பத்தில் பேர்போனது. வந்து சேர்ந்த முகமூடி பெரியது. குணமணி மாட்டியதும் இரண்டு ஓரத்திலும் காற்று பிரஷர் குக்கர் போலச் சீறியது. "எனக்கு ஒத்து வரல" என்று பெட்டியோடு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். அவள் முதலிலேயே திட்டமிட்டது அதுதான் [என்று நினைக்கிறேன். பாத்திரங்கள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்வதில்லை].

4

முடிவு அ: ஒருநாள் காலை குணமணியை எழுப்பப் போன விஸ்வலிங்கம்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன், கை வரவில்லை.)

முடிவு ஆ: எந்த நோயும் இல்லாத விஸ்வலிங்கம் அந்த முகமூடியைத் தானே மாட்டிக்கொண்டு படுக்கிறார். குணமணி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், தன் முகத்தை அளக்கச் சம்மதிக்கிறாள்.

(நடக்காது. வாஷிங் மெஷின் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் செய்து பார்த்தாயிற்று. சிரித்தாள். சம்மதிக்கவில்லை.)

5

சரி, உளறிவிட்டேன். தேக்காவில் நான் அப்படி யாரையும் பார்க்கவில்லை. ஆங் மோ கியோவில் எனக்கு யாரையும் தெரியாது. நாம் இருப்பது பொங்கோலில், லீலா.

போன ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சோபாவில் கண்ணயர்ந்தாய். குறட்டை நின்றது. எண்ணினேன். பத்தொன்பது வரை வந்துவிட்டது, இருபது சொல்லப் பயமாக இருந்தது. பிறகு ஓர் இழுப்பு இழுத்து, கண்ணைத் திறக்காமலே, "டிவியை ஏன் நிறுத்துனீங்க" என்றாய். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். ஆனால் நான் எழுதுவதை முதலில் படிப்பவள் நீ. பிழை திருத்தாமல் பாதியில் வைக்கவும் மாட்டாய். அதனால்தான் இந்த விஸ்வலிங்கம், இந்த மூக்கு எல்லாம். பினாங்கில் உன் அக்கா வீட்டில் உன் குறட்டைக்கு நான் மன்னிப்புக் கேட்டது மட்டும் நிஜம். இனியும் கேட்கிறேன். பழியை நானே வைத்துக்கொள்கிறேன், நீ மூச்சு விட்டால் போதும்.

முடிவை வாசகரிடம் விடுவது வழக்கம். எனக்கு வேண்டியது ஒரே வாசகர். இந்தத் தாளுக்கு அடியில் உன் கைப்பேசி இருக்கிறது. மருத்துவமனை அனுப்பி மூன்று வாரமாக நீ தொடாத இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடு. சிரிக்காதே, அளவு தப்பும்.

நான் சமையலறையில் தேநீர் போடுகிறேன். குளியலறை விளக்கை அணைத்துவிட்டேன்.