பின்னேரப் புகை

மார்கழி மழையோடு தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஏழு குஞ்சுகளும் வாடைக்காற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. விளக்கு வைத்துச் சூடு காட்டலாமென்றால், சண்டைக்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? பனையோலைக் கடகத்தில் உமியைப் பரப்பி, குஞ்சுகளை விட்டு அடுப்படியில் வைத்தேன். மத்தியானம் மட்டும் எரியும் என் அடுப்பைப் பின்னேரமும் மூட்டினேன்.

தனியாள் வீட்டில் பின்னேரம் புகை எழும்பினால், யாரோ வந்திருப்பதாகத்தான் ஊர் நினைக்கும். பக்கத்து வளவுத் தங்கமுத்து கத்தரிக்காய்க் குழம்போடு வந்துவிட்டாள்.

“கொழும்பிலையிருந்து மகன் வந்திட்டானோ அக்கா?”

“இல்லை. கோழிக்குஞ்சுக்கு மூட்டினது.”

சட்டியை வைப்பதா கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றாள்.

“உந்தச் சட்டியை வைச்சிட்டு இரன்” என்றேன், வெடுக்கென்று. இருட்டும் வரைக்கும் அடுப்புக்கு முன்னால் இருந்து கதைத்தோம். பிறகு புகையைக் கண்டு விசாரித்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

தை பிறக்க, குஞ்சுகள் செட்டை முளைத்துக் கூட்டுக்குப் போய்விட்டன. அன்றைக்கும் பின்னேரம் அடுப்பை மூட்டினேன். ஈர விறகாகப் பார்த்து வைத்தேன். புகை வேலிக்கு மேலால் நன்றாகவே எழும்பியது.

ஒருவரும் வரவில்லை. அது கோழிக்குஞ்சுக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நானேதான்.