உகரத்துக்கு விழுந்த அடி

"அம்மா, பசிக்குது" என்று ஒரு குரல் கேட்டது.

அடுத்த வீட்டுப் பிள்ளை ஏதோ வந்து நிற்கிறது என்றுதான் ஸபூரா நினைத்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினால், நிற்பது அவள் பெற்ற ஸக்கியா. ஐந்து வயது. காலையில் "உம்மா, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போன அதே வாய்.

"என்னடி புதுசாய் அம்மா? உம்மா எண்டு சொல்லு."

பிள்ளை சொல்லவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது. இழுத்துப் பார்த்தால் விரல்கள் வீங்கிக் கிடந்தன.

நடந்ததை அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கவேண்டியிருந்தது. சுன்னாகத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில், எழுத்துத் தொடங்கும் பிள்ளைகளின் அரிவரி வகுப்பு ஏரம்பு சட்டம்பியார் என்ற வாத்தியாரின் கையில் இருந்தது. அன்றைக்கு அவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, "இது ஆர்? சிலேட்டிலை எழுதுங்கோ" என்றிருக்கிறார். எல்லாரும் அம்மா என்று எழுத, ஸக்கியா தனக்குத் தெரிந்த உண்மையை எழுதினாள்: உம்மா.

"உது தமிழே? உது எந்த ஊர்ப் பாஷை?" என்று கேட்டு விரல்களிலேயே பிரம்பால் விளாசினாராம். எழுதியதை உள்ளங்கையால் அழிக்கவைத்து, வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, தொண்டை வறளும்வரை அம்மா அம்மா என்று சொல்லவைத்தாராம். ஐந்து வயதுப் பிள்ளையிடமிருந்து தமிழைக் காப்பாற்றப் புறப்பட்ட மகா வீரர்!

புருஷன் இஸ்ஸதீனுக்குச் சுன்னாகம் சந்தையடியில் துணிக்கடை. வியாபாரிக்கு எல்லாரும் வேண்டும்.

"விடு ஸபூரா" என்றான். "அவையளின்ரை ஊரிலை கடை வைச்சுப் பிழைக்கிறம். அம்மா எண்டால் என்ன, உம்மா எண்டால் என்ன?"

"நாளைக்கு அவள் உங்களை வாப்பா எண்டு கூப்பிடாமல் விடட்டும். அப்ப வந்து இந்தக் கதையைச் சொல்லுங்கோ."

இஸ்ஸதீன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பிள்ளை அந்தச் சொல்லை விட்டது விட்டதுதான். விழுந்து முழங்கால் தேய்ந்தாலும் அம்மா, தலையில் பேன் கடித்தாலும் அம்மா. கெஞ்சினாள், கொஞ்சினாள், கற்கண்டு காட்டினாள் ஸபூரா. பிள்ளை கற்கண்டைப் பார்க்கும், பிறகு யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்க்கும். தன்னைப் பெற்றவளைக் கூப்பிட இந்தப் பிள்ளை யாருக்குப் பயப்படவேண்டும்? ஏரம்புவை நினைக்கும்போதெல்லாம் ஸபூராவுக்கு வயிறு எரிந்தது. அவருடைய அந்தக் கை அழுகவேண்டும் என்று தொழுகைப் பாயிலேயே கேட்டாள். பிறகு அதற்காகப் பாவமன்னிப்பும் கேட்டாள். ஆனாலும் முதலில் கேட்டதைத் திருப்பி எடுக்கவில்லை.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் அந்தச் சட்டம்பியாரின் பெண்சாதி குணலட்சுமியே துணியும் கையுமாக வந்து நின்றாள். கூடவே மகள் பராசக்தி. அதுவும் அதே அரிவரி வகுப்புத்தான்.

"புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வாறாராம். பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை தைச்சுத் தரவேணும்" என்றாள் குணலட்சுமி.

கழுத்தை இறுக்கித் தைத்து, கம்கட்டுத் தையலுக்குள், சரியாய் அக்குளில், ஓர் ஊசியையும் விட்டுவிட்டால் என்ன என்று ஸபூராவின் மனம் ஓடியது. அளவெடுக்கும் நாடாவைக் கையில் எடுத்தபோது பராசக்தி தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சி, தண்ணி விடாய்க்குது."

"வீட்டை போய்க் குடிக்கலாம்" என்றாள் குணலட்சுமி, அவசரமாக.

இங்கே தண்ணீர் வாங்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். ஸபூராவுக்கு அது விளங்காமலில்லை. ஆனால் அவளுடைய காது அதற்கு முந்திய சொல்லிலேயே நின்றுவிட்டது.

"பிள்ளை உங்களை ஆச்சி எண்டோ கூப்பிடுறவ?"

"ஓம். எங்கடை பகுதியிலை தாயை ஆச்சி எண்டும் தேப்பனை அப்பு எண்டும்தானே சொல்லுறது. அம்மா எண்டதெல்லாம் புத்தகத்திலை" என்று சிரித்தாள் குணலட்சுமி.

ஸபூராவும் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அந்தச் சட்டையை அவள் தன் பிள்ளையின் பெருநாள் சட்டையைவிட வடிவாகத் தைத்தாள். கழுத்தில் சரிகை, கையில் சுருக்கு. புதன்கிழமை எல்லாருடைய கண்ணும் அந்தப் பிள்ளையின்மேல் விழவேண்டும்.

புதன்கிழமை முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஸக்கியாவுடன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். கதிரையில் தலைப்பாகையோடு இன்ஸ்பெக்டர். பக்கத்தில் ஏரம்பு, சலவைச் சால்வையும் பணிவுமாக. ஸக்கியா கையை உதறிக்கொண்டு ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, பிள்ளையளிட்டை ஒரு கேள்வி கேக்க உத்தரவு தருவியளோ?"

ஏரம்பு பதறி முன்னே வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "கேளுங்கோ" என்றார்.

சரிகைச் சட்டையின் முன்னால் போய்க் குனிந்தாள் ஸபூரா. "மோளே, உன்னைப் பெத்தவவை நீ என்னெண்டு கூப்பிடுவாய்?"

"ஆச்சி."

"நீ?"

"ஆச்சி."

"நீ ராசா?"

"ஆத்தை."

ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் அம்மா என்றன. ஸபூரா நிமிர்ந்தாள்.

"சட்டம்பியார், பிரம்பை எடுங்கோ. அம்மா எண்டு சொல்லாததுக்குத்தானே என்ரை பிள்ளையின்ரை விரலை வீங்கவைச்சனியள்? இவ்வளவு பேருக்கும் அடியுங்கோ. உங்கடை பிள்ளையிலை தொடங்குங்கோ. நான் பாக்கவேணும்."

பராசக்தி இரண்டு கைகளையும் புதுச் சட்டைக்குள் செருகி அழத் தொடங்கினாள். ஸபூராவுக்கு இரக்கம் வரவில்லை. இனித்தது.

"அது... உம்மா எண்டது தமிழில்லையெண்டு..." ஏரம்பு சால்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"உவன், உவள், உது, உங்கை எண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டா உகரத்திலைதான் உங்கடை கதை. என்ரை உம்மாவிலை மட்டும் உகரம் கசந்ததோ?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு முகம் கறுத்தது. "சின்னப்பிள்ளை வீட்டிலையிருந்து கொண்டுவாற சொல்லிலைதான் ஐயா படிப்புத் தொடங்கவேணும். பெத்தவளின்ரை பேருக்கு அடியோ? பிள்ளையள் சொன்ன பேர் எல்லாத்தையும் பலகையிலை எழுதும்."

அம்மா, ஆச்சி, ஆத்தை என்று எழுதிவிட்டு ஏரம்பு வெண்கட்டியைக் கீழே வைக்கப் போனார்.

"இன்னும் ஒண்டு கிடக்கு" என்றாள் ஸபூரா.

எழுதினார். பிடரி சிவக்க, அத்தனை பிள்ளைகளும் பார்க்க, உம்மா என்று எழுதினார். அந்த முதுகைக் கண்குளிரப் பார்த்தபடி நின்றாள் அவள். இந்த ஒரு பார்வைக்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருந்திருப்பாள்.

"பிள்ளையள், இதை வாசியுங்கோ" என்றார் இன்ஸ்பெக்டர்.

கூரை கிழியும்படி வகுப்பே கத்தியது: "உம்மா!" அழுகையை நிறுத்திவிட்டுப் பராசக்தியும் கத்தினாள். வெற்றியோடு தன் மகளின் பக்கம் திரும்பினாள் ஸபூரா.

ஸக்கியா வாய் திறக்கவில்லை. கரும்பலகையையும் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த பிரம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி ஆரும் அடிக்க மாட்டினம். நீயும் சொல்லு மோளே" என்றாள் ஸபூரா. குரல் கெஞ்சியது. வகுப்பே திரும்பி ஸக்கியாவைப் பார்த்தது.

ஸக்கியா எழுந்து வந்து, வலது கையைக் கம்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சரியாகச் சொன்னாள்.

"அம்மா, வீட்டை போவம்."