அக்காவின் பாதி முகம்

இறுதிச்சடங்குக் கூடத்தில், அக்காவின் அஞ்சலிப் படச் சட்டத்து இரண்டு ஓரங்களிலும் கறுப்பு ரிப்பனைக் குத்தி முடித்த பிறகுதான் போமி படத்தை நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். கண்கள் அக்காவுடையவை. மூக்கிலிருந்து கீழே டோக்சு.

படத்தைக் கொண்டுவந்த டோக்சு, அக்காவின் கலைக் கூட்டாளி, பக்கத்தில்தான் நின்றான், அழுது வீங்கிய முகத்தோடு, முழுசாக.

"அண்ணா, இது என்ன?"

"ஹேடோ."

அக்கா பெயர் ஹேவோன். அவர்களுடைய கண்காட்சியில் இருட்டறைச் சுவரெல்லாம் டோக்சுவின் படங்கள் ஓடும், தரைக்கடியிலிருந்து அவளுடைய ஒலிகள் எழும். சியோல் நகரத்தில் அதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். இருவரும் பெயரில் பாதி பாதி எடுத்து ஹேடோ என்று வைத்துக்கொண்டார்கள். முகங்களையும் கணினியில் குழைத்து ஒரே ஆளாக்கிக்கொண்டார்கள். பேட்டி என்றாலும் விருது என்றாலும் அந்த முகம்தான். சளி பிடித்தால் மட்டும் தனித்தனியாகத் தும்மினார்கள்.

"வர்றவங்க இதுக்கு முன்னாடி விழுந்து கும்பிடுவாங்க. அதுல பாதி உங்களுக்கு. பரவாயில்லையா?"

"அவ இதத்தான் கேட்டிருப்பா, போமி. அவ தனியா இருந்ததே இல்ல."

"தனியாத்தான் செத்தா. நீங்க கண்காட்சிக்கு விளக்கு மாட்டிட்டு இருந்தீங்க."

டோக்சு தரையைப் பார்த்தான். "போகச் சொன்னதே அவதான்."

பொய்யாக இருக்காது. அதனாலேயே போமி அவன் பக்கம் திரும்பவில்லை.

உள்ளறையிலிருந்து அம்மா சுவரைப் பிடித்தபடி வந்தாள். படத்தின் முன் நின்று உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, இது யாரு?"

அம்மா சட்டத்தின் பின்பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"என் பொண்ணு எங்கடி?"

போமி படத்தை இறக்கினாள். கைப்பேசியைத் துழாவினால், எல்லாப் படத்திலும் அக்கா கையால் முகத்தை மறைத்திருந்தாள். ஹேடோவுக்கு ஒரு முகம்தான் இருக்கலாமாம். கடைசியில் இறுதிச்சடங்குக் கூடத்து அலுவலகத்தில் அக்காவின் அடையாள அட்டையை நீட்டினாள். அவர்கள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தந்தார்கள். நெற்றி மயிர் கலைந்து, படம் எடுத்தவனை முறைத்தபடி அக்கா.

"இவதான்," என்று அம்மா சட்டத்துக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். போமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டோக்சு சாப்பாட்டு மேசைப் பக்கம் போய் உட்கார்ந்தான். வருபவர்களின் வணக்கத்தை வாங்கிக்கொள்ள மகன் இல்லாத வீடு. போமியே கறுப்பு உடையில் படத்தருகே நின்றாள்.

சாயங்காலம் ஹேடோவின் கண்காட்சி நடக்கும் அருங்காட்சியகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். படத்தின் முன் வைக்க வாசல் ஜாடியிலிருந்து ஆளுக்கொரு வெள்ளைச் சாமந்தியை எடுத்துக்கொண்டு, காலணியைக் கழற்றி உள்ளே வந்தவர்கள் படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"மன்னிக்கணும்," என்றாள் முன்னால் வந்தவள். "வேற வீட்டுச் சாவுக்கு வந்துட்டோம் போல."

"இல்லைங்க, இதுதான். இவங்கதான் எங்க..."

அதற்குள் அந்தப் பெண்ணின் பார்வை போமியைத் தாண்டி மேசைப் பக்கம் போய்விட்டது. அந்த வாயையும் தாடையையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். விரைந்து போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஹேடோ," என்று விம்மினாள். மற்ற இருவரும் அவன் முன் இடுப்பு வளையக் குனிந்தார்கள். அவன் எழுந்து பதிலுக்குக் குனிந்தான்.

அவர்களுக்கும் சூடாக சூப் வந்தது. சாப்பிடக் கை வேண்டியிருந்ததால் சாமந்திகளை அவன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.