தொண்ணூற்றொன்பதாம் எண்

மருத்துவமனை இயக்குநருக்கு எதிலும் முதலிடம் வேண்டும். கார் நிறுத்துவதில் முதல் கட்டம், லிஃப்டில் முதல் ஆள், அழைப்பிதழில் முதல் பெயர். ஆகவே, புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கான வரவேற்புத் திரை சர்வரில் என்ன முன்னுரிமையில் ஓடும் என்று அவர் கேட்டபோது, கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் சர்வரக்கா உண்மையைச் சொல்லித் தொலைத்தாள்.

"முப்பது சார்."

"எனக்கு மேல யாரு?"

"தீவிர சிகிச்சைப் பிரிவு அலாரம். ஐம்பது."

"எண் எதுவரைக்கும் போகும்?"

"தொண்ணூத்தொம்பது. ஆனா சார், அது பழைய சர்வர், மூளை மாதிரி ஒரே ஒரு பிராசசர்தான். பெரிய எண் உள்ள புரோகிராம் தானா எதுக்காவது காத்திருந்தாத்தான், கீழ உள்ளதுக்கு முறை வரும்."

"நான் யாருக்கும் காத்திருந்து பழக்கமில்லம்மா. தொண்ணூத்தொம்பதே போடு."

மாலைக்குள் மூன்று முத்திரைகளோடு ஆணை வந்தது. போட்டாள். ஒத்திகையில் திரையில் ஒரே ஒரு படம்தான், பிரச்சினை தெரியவில்லை. விழா அன்று காலை இயக்குநரின் உதவியாளர் விசுவாசம் பொங்க முன்னூறு படங்களை ஏற்றிவிட்டார். மண்டபத்துச் சுவரில் இயக்குநரின் முகம் விண்மீன்களுக்கு நடுவே ஓயாமல் சுழன்றது.

பத்தே கால் மணிக்குக் கணினி அறைத் தொலைபேசி அடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய சிஸ்டர்.

"சர்வரக்கா, என் ஸ்கிரீன்ல கடிகாரம் பத்து பத்துலயே நிக்குது. பன்னெண்டு படுக்கையும் போட்டோ பிடிச்ச மாதிரி அப்படியே இருக்கு."

சர்வரக்கா வரவேற்புத் திரையின் எண்ணைக் குறைக்க விசைப்பலகையில் கட்டளையைத் தட்டினாள். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. அவளுடைய கட்டளையும் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழேதானே நிற்க வேண்டும்.

"படுக்கைக்குப் பக்கத்து மெஷின்ல சத்தம் வருமே சிஸ்டர்?"

"விருந்தாளி காதுல விழக்கூடாதுன்னு எல்லாச் சத்தத்தையும் அணைக்கச் சொல்லிட்டாங்க. என் நர்ஸ் பொண்ணுங்க ரெண்டு பேரும் பூங்கொத்தோட வாசல்ல நிக்கறாங்க. இங்க நான் ஒருத்திதான்."

"சர்வரை அணைச்சுப் போட்டா எட்டு நிமிஷம் ஆகும்."

"எட்டா? ஏழாம் படுக்கைக்கு இப்பத்தான் செயற்கை மூச்சுக் குழாயை எடுத்திருக்கு. எந்த நேரமும் ஆக்சிஜன் இறங்கலாம். நான் மூணாவதையும் பார்க்கணும், ஏழுகிட்டயே நிக்க முடியாது."

"லைனை வைக்காதீங்க."

அந்தப் புரோகிராம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சுழலும் முகம் எதற்காகக் காத்திருக்கும்? திரையின் அடியில் 'உங்கள் கருத்து' என்றொரு பொத்தான் உண்டு. அமுக்கினால் சுழற்சி நின்று, யாராவது எழுதும்வரை வாய்பார்த்துக்கொண்டிருக்கும். சர்வரக்கா இன்னொரு தொலைபேசியில் வரவேற்பு மேசைப் பெண்ணைப் பிடித்தாள்.

"தங்கம், திரைல 'உங்கள் கருத்து'ன்னு இருக்கும். ஓடிப்போய் அமுக்கு."

"அக்கா, அதுக்கு முன்னாடிதான் பெரியவர் பேசிட்டிருக்காரு. பக்கத்துல சிறப்பு விருந்தினர்."

"நடுவுல புகுந்து அமுக்கு."

"என் வேலை போயிடும்கா."

"நான் சொன்னேன்னு சொல்லு. போனா என்னுது போகட்டும்."

தங்கம் கம்பியில்லாத் தொலைபேசியோடு நடந்தாள். இயக்குநரின் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. "நமது அகராதியில் தாமதம் என்ற சொல்லுக்கே..." அத்தோடு நின்றது.

சர்வரக்காவின் திரையில், தட்டிவைத்த எழுத்துகள் ஒரே மூச்சில் கொட்டின. கட்டளையில் ஓர் எழுத்து பிசகு.

"அக்கா, அவர் கருத்துப் பெட்டியை மூடப் போறாரு," தங்கம் கிசுகிசுத்தாள்.

மூடினால் முகம் மறுபடி சுழலும். "எப்படியாவது நிறுத்து."

தங்கம் குரலை உயர்த்தினாள். "சார், முதல் கருத்து நீங்களே எழுதுனாத்தான் சார் சரியா இருக்கும்."

இயக்குநர் தொண்டையைச் செருமியது கேட்டது. "அதுவும் சரிதான்." எந்தச் சொல்லில் தொடங்குவது என்று சிறப்பு விருந்தினரிடமே யோசனை கேட்டார்.

சர்வரக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். வரவேற்புத் திரையின் எண் தொண்ணூற்றொன்பதிலிருந்து பத்துக்கு இறங்கியது.

சிஸ்டரின் தொலைபேசியில் அலாரம் வீறிட்டது. "ஏழாம் படுக்கை. ஆக்சிஜன் எழுபத்தொம்பதுக்கு இறங்கிடுச்சு." ரிசீவர் மேசைமேல் விழுந்தது; காலடிச் சத்தம் ஓடியது. அப்புறம் அலாரம் மட்டும்.

மற்ற தொலைபேசியில் இயக்குநரே வந்தார். "என்னம்மா இது? கருத்தை எழுதி மூடினா என் முகம் பாதி வந்து நிக்குது. விருந்தினர் பார்த்துட்டிருக்காரு. மூக்கைக் காணோம்."

"மூக்கு வரிசையில நிக்குது சார்," என்றாள், சிஸ்டரின் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல்.

"என்னது? யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?"

அலாரம் நின்றுவிட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். இயக்குநர் விளக்கக் கடிதம், விசாரணை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

கடைசியில் சிஸ்டர் மூச்சிரைக்க வந்தாள். "தொண்ணூத்திரெண்டு. ஏறிட்டிருக்கு. ஆக்சிஜன் முகமூடியை ஏன் இப்படி அழுத்துறேன்னு ஏழாம் படுக்கைக்காரர் என்னைத் திட்டறாரு."